ஊர்வலம் முடிந்த மறுநாள் காலை

மட்டக்குளிப் பக்கம் தொடர்மாடி ஒன்றில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்களுடைய மாடியில் இளைஞர் கழகம் ஒன்று இருக்கிறதாம். வருகிற நவம்பர் 25 ஆம் திகதிக்குக் குடும்ப வன்முறைக்கு எதிராக ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவெடுத்து, ஊர்வலத்துக்கும் பதாகைக்கும் டீஷேர்ட்டுக்கும் என்று 40,000 ரூபாய் சேர்த்தும் விட்டார்கள். ஆனால் மாடியில் உள்ள பெரியவர்கள் "புருஷன் பெண்சாதி சண்டைக்குள்ள நாம ஏன் போவான், வீண் வம்பு" என்கிறார்களாம். இந்த மாதிரிப் பிரசாரங்களால் உண்மையிலேயே அடி குறையுமா, குறையுமென்றால் எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி.

குறையும் தம்பி. ஊர்வலத்தால் குறையாது, அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். கொழும்பில் பெண்களுக்கு உதவும் நிலையம் ஒன்றில் 13 வருஷம் வேலை செய்தவள் நான். அதில் பாதிக் காலம், தமிழ் பேசும் பெண்களோடு பொலிஸ் வாங்குகளிலும் புதுக்கடை நீதிமன்ற வாசலிலும் உட்கார்ந்தே கழிந்தது. அங்கே கற்றுக்கொண்டதை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். ராத்திரி ஒரு வீட்டில் அடி விழுகிறது, சத்தம் கேட்கிறது, பக்கத்து வீடுகள் என்ன செய்யும்? டீவி சத்தத்தைக் கூட்டும். கிராண்ட்பாஸில் இருந்து வந்த ஒரு பெண் இதை எனக்குச் சொன்னபோது இடது காதில் பஞ்சு வைத்திருந்தார். "மிஸ், அவர் அடிச்சதுகூடப் பரவாயில்ல, மூணு வீட்டிலயும் ஒரே நேரத்தில நாடகச் சத்தம் கூடிச்சு. அப்பதான் விளங்கிச்சு, எல்லாருக்கும் கேட்குது என்டு." மறுநாள் காலையில் அந்த மூன்று வீட்டுப் பெண்களும் படிக்கட்டில் அவரோடு நன்றாகத்தான் பேசினார்களாம், தேங்காய் விலையைப் பற்றி. காதை ஒருவரும் பார்க்கவில்லை.

உங்கள் பிரசாரம் யாருக்கானது என்பது இந்தக் கதையிலேயே இருக்கிறது. அடிக்கிறவருக்கு அது தப்பு என்று தெரியாமல் இல்லை. தெரிந்தபடியால்தான் பஸ் தரிப்பிடத்தில் அடிக்காமல் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு அடிக்கிறார். அடி வாங்குகிறவருக்கும் அது வன்முறை என்று பதாகை பிடித்துச் சொல்லவேண்டிய தேவை இல்லை. மாறவேண்டியது நடுவில் இருக்கிற அந்த மூன்று வீடும், அதற்கு மேலும் கீழும் உள்ள முப்பது வீடும். அவர்களுக்கு மனமில்லாமல் இல்லை, என்ன செய்வது என்று தெரியாமல்தான் ரிமோட்டை எடுக்கிறார்கள். அதனால் "வன்முறையை ஒழிப்போம்" என்று அவர்களிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. ராத்திரி பத்தரைக்குச் சத்தம் கேட்டால் யார் எழும்ப வேண்டும், எந்தக் கதவைத் தட்ட வேண்டும், தட்டி என்ன கேட்க வேண்டும் என்பது வரைக்கும் இறங்கி வர வேண்டும்.

"எங்கட மாடியில அப்படி ஒன்டும் பெரிசா இல்லை" என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதற்கும் பதில் இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நாடு முழுவதும் பெண்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், கணவனோ துணைவனோ இருந்த பெண்களில் 20.4 வீதமானவர்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது அவரிடமிருந்து உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். இது நாட்டின் சராசரிதான், உங்கள் மாடியில் கூடவும் இருக்கலாம் குறையவும் இருக்கலாம், ஆனாலும் நூறு குடும்பம் இருக்கிற கட்டிடத்தில் இருபது வீட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வெட்கத்தை மீறிச் சொன்னவர்களின் கணக்கு மட்டும்தான் இது.

நவம்பர் 25 எங்கிருந்து வந்தது என்று உங்கள் கழகத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், இரண்டு நிமிஷக் கதை. டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரத்தை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் 1960 இல் அந்தத் திகதியில் கொல்லப்பட்டார்கள், 1999 இல் ஐ.நா. அதைப் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாளாக்கியது. அதிலிருந்து டிசம்பர் 10 மனித உரிமைகள் தினம் வரை 16 நாள் செயற்பாடு என்பது 1991 இல் தொடங்கியது. கொழும்பில் அந்தப் பதினாறு நாளும் ஹோட்டல் மண்டபங்களில் இடம் கிடைக்காது. டிசம்பர் 11 ஆம் திகதி நிலையத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருப்போம், வாசலில் வழக்கம்போல ஆட்கள் இருப்பார்கள். எனக்கு ஊர்வலத்தில் கோபம் இல்லை. ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் ஒரு பெண் உங்களில் ஒருவரைத் தேடி வந்தால் என்ன செய்வதென்று யோசித்து வைத்திருக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி. அதை யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டால் அந்தப் பெண் ஒரு தரம் வாயைத் திறந்து, ஒன்றும் நடக்காததைப் பார்த்து, அடுத்த ஐந்து வருஷத்துக்கு வாயைத் திறக்க மாட்டார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கேயாவது குறைந்ததா? குறைந்திருக்கிறது, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். உகண்டாவின் கம்பாலா நகரத்தில் 'சாசா' என்று ஒரு வேலைத்திட்டம். சுவாஹிலி மொழியில் சாசா என்றால் 'இப்போது'. எட்டுக் குடியிருப்புகளை எடுத்தார்கள், நாலில் வேலைத்திட்டம் நடந்தது, மற்ற நாலு பிறகு செய்வதாகக் காத்திருந்தது. 2014 இல் முடிவு வெளிவந்தது: திட்டம் நடந்த இடங்களில், முந்தைய ஒரு வருஷத்துக்குள் துணைவரிடம் அடி உதை பட்ட பெண்களின் விகிதம் மற்ற நாலு இடங்களோடு பார்க்கையில் 52 வீதம் குறைவு. கூட்டத்துக்கு வந்து போன பெண்களை மட்டும் கேட்டு எடுத்த கணக்கில்லை இது, அந்தக் குடியிருப்புகளில் இருந்தவர்களிடம் பொதுவாக எடுத்தது.

அவர்கள் என்னதான் செய்தார்கள்? அந்தந்த இடத்து ஆட்களையே, ஆணும் பெண்ணுமாக, பிடித்துப் பழக்கினார்கள். அவர்கள் கடை வாசலிலும் கோயிலிலும் குடிக்கிற இடத்திலும் உட்கார்ந்து பேசினார்கள். எடுத்தவுடன் "அடிக்காதே" என்று தொடங்கவில்லை. 'அதிகாரம்' என்பதில் இருந்து தொடங்கினார்கள். நம் வழக்கில் சொன்னால், வீட்டில் யாருடைய சொல் செல்லும், காசு யார் கையில், யார் கேட்காமல் வெளியே போகலாம், யார் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்கிற பேச்சு. இப்படிப் பேசினால் அடிக்கிறவரும் எழும்பிப் போகாமல் உட்கார்ந்திருப்பார். ஏனென்றால் அவருக்கும் மேலே ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார், வட்டிக்காரர் இருக்கிறார், தன் மேல் ஒருவன் ஏறி நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும். கூடவே பொலிஸ், சுகாதார ஊழியர்கள், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரையும் பழக்கினார்கள். இதெல்லாம் நடக்கக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆனது. உங்கள் 40,000 ரூபாய் ஒரு நாளைக்கு. வித்தியாசம் விளங்குகிறதா?

இந்தியாவில் 2008 இல் 'மணியை அடி' என்று ஒரு பிரசாரம் ஓடியது, இந்தியில் 'பெல் பஜாவோ' என்பார்கள். பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் போய் அழைப்பு மணியை அடி, ஒரு கோப்பை பால் இருக்கிறதா என்று கேள், அவ்வளவுதான். சண்டை போட வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம். எனக்கு அதில் பிடித்தது அந்தச் சின்னத்தனம். யாராலும் செய்ய முடிகிற காரியம்.

அதை நம் ஊரில் பார்த்தும் இருக்கிறேன், அந்தப் பிரசாரத்தைக் கேள்விப்படாத ஒரு அக்காவிடம். ஜிந்துப்பிட்டிப் பக்கம், நாலாம் மாடி. எதிர் வீட்டில் சத்தம் தொடங்கினால் இந்த அக்கா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார். "தங்கச்சி, கொஞ்சம் சீனி தாங்களேன், இவருக்குத் தேத்தண்ணி ஊத்தணும்." அந்த வீட்டு மனிதர் கதவைத் திறக்க வேண்டும், சட்டையைச் சரி செய்ய வேண்டும், "வாங்கக்கா" என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் குசினிக்குப் போய் சீனி எடுத்து வர வேண்டும். இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் கையில் ஏறியிருந்த சூடு பாதி இறங்கிவிடும். அக்கா கிண்ணத்தோடு உடனே போகவும் மாட்டார், படிக்கட்டில் நின்று பிள்ளைகளின் டியூஷன் கதை கேட்பார். ஒரு மாதத்தில் நாலு தரம் சீனி கேட்டுப் போனாராம், அந்த வீட்டு மனிதருக்கு இவர் ஏன் வருகிறார் என்று விளங்காமல் இருக்குமா? விளங்கியது. அதுதான் தேவையும். சீனி தீர்ந்துபோகிற வீடு என்று மாடியில் அக்காவுக்குப் பட்டப்பெயர் வந்தது, அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

இதில் கவனமும் வேண்டும். தனியே போகாதீர்கள், ஒருவர் தட்டினால் இன்னொருவர் படிக்கட்டில் நிற்க வேண்டும். கத்தி, போத்தல் ஏதாவது கையில் இருக்கிறது என்று தெரிந்தால் கதவுப் பக்கமே போகாமல் பொலிஸுக்கு 119 அடியுங்கள். கதவு திறந்ததும் "ஏன் அடிக்கிறீங்க" என்று ஒருபோதும் கேட்காதீர்கள், நீங்கள் போன பிறகு அந்தக் கேள்விக்கும் சேர்த்து அந்தப் பெண்தான் அடி வாங்குவார். கணவருக்கு முன்னால் வைத்து அந்தப் பெண்ணிடம் "ஒன்னும் பிரச்சினையா" என்று கேட்பதும் அதே வேலைதான். இன்னொன்று, கழுத்தை நெரித்தான் என்று யாராவது சொன்னால் அதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள், வெளியில் காயம் தெரியாவிட்டாலும் சரி. உயிருக்கு ஆபத்து நெருங்குவதற்கு அதைவிடப் பெரிய அறிகுறி குறைவு. பிரிந்து போக எடுக்கிற நேரமும் அப்படித்தான், "விட்டுட்டு வாவேன்" என்று வாயால் சொல்வது சுலபம், ஆனால் போகிற அந்தக் கிழமைதான் மிக ஆபத்தான கிழமை. அதற்கு ஏற்பாடு இல்லாமல் யாரையும் போகச் சொல்லாதீர்கள்.

தொடர்மாடி என்பதால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் மாடியில் பலர் முன்பு வத்தை, தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான குடியிருப்புகளில், பலகை வீடுகளில் இருந்து வந்தவர்களாக இருப்பார்கள். அங்கே பொதுக் குழாய், பொதுக் கழிவறை, சுவர் பலகை, ஒருவர் இருமினால் பத்துப் பேருக்குக் கேட்கும். அடி விழுந்தால் ஒரு ஆச்சி வாசலில் நின்று காது கூசுகிற மாதிரி ஏசுவார். அந்த ஆச்சி இப்போது ஒன்பதாம் மாடியில் இருக்கிறார், லிஃப்ட் வேலை செய்யாததால் கீழே வருவதில்லை. வீடு கொங்கிறீட் ஆனது நல்லதுதான், வெள்ளம் வராது, ஆனால் கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். அதே நேரம் பழைய தோட்டத்தைப் பொற்காலம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஏசின அதே ஆச்சிதான் மறுநாள் "விட்டுக்குடுத்துப் போ மகள், அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அனுப்பி வைப்பார். சிங்களத்திலும் இதற்கு ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள், புருஷன் பெண்சாதி சண்டை சோறு வேகும் வரைதான் என்று. இந்த ஒரு விஷயத்தில் நம் இரண்டு பக்கமும் ஒற்றுமை.

ஆச்சியின் அந்த இரண்டாவது வேலை இன்று பல இடங்களில் நாற்காலி போட்டு நடக்கிறது. சமரசம் என்று பெயர். ஒரு பொலிஸ் நிலையத்தில், எது என்று சொல்லவில்லை, உதடு கிழிந்து வந்த ஒரு பெண்ணையும் கணவரையும் ஒரே வாங்கில் உட்கார வைத்து, "பிள்ளைகள் இருக்கே, ஒரு தரம் மன்னிச்சு விடுங்க" என்று சொல்லி, சிங்களத்தில் எழுதின ஒரு தாளில் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பெண்ணுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. நான் வாசித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது, "இனி இருவரும் சண்டை பிடிக்க மாட்டோம்" என்று எழுதியிருந்தது. இருவரும்! தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம், எழுத ஆள் இல்லையென்றால் வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லலாம். இந்த ஒரு வசனத்தைச் சொல்லப் பழக்கினாலே உங்கள் கழகம் பெரிய வேலை செய்த மாதிரி. கூட ஒருவர் போனால் அந்த வசனம் வாயில் வரும், தனியே போனால் வராது. அதையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் நல்ல பொலிஸ்காரர்களும் இருக்கிறார்கள், பெண்கள் சிறுவர் பிரிவில் தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிள்ளைக்குப் பிரித்துக் கொடுத்த ஒரு அக்காவை எனக்கு இன்றும் ஞாபகம்.

சட்டத்தைப் பற்றி நீட்டி எழுதினால் படிக்க மாட்டீர்கள், ஆனால் ஒன்று மட்டும் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அதன்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் தானே கேட்கலாம், அவருக்காகப் பொலிஸும் கேட்கலாம். அவசரம் என்றால் இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரைக்கும் கட்டளை. வீட்டுக்குள் வராதே, வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, தொடர்புகொள்ளாதே என்றெல்லாம் அதில் போடலாம். பெண்கள் பயப்படுவது எதற்கு என்றால், "அவரை மறியலுக்குப் போட்டுடுவாங்க, வேலை போயிடும், பிறகு யார் சாப்பாடு போடுறது" என்பதற்கு. இந்தக் கட்டளை கேட்பதால் யாரும் சிறைக்குப் போவதில்லை. கட்டளையை மீறினால்தான் குற்றம், அதற்கு ஒரு வருஷம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ. இதை விளங்கப்படுத்தினதும் முகம் மாறுகிற பெண்களை நான் எண்ணி முடியாது. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்ற வித்தியாசம் இல்லை, எல்லோருக்கும் ஒரே சட்டம், பள்ளிவாசலில் நிக்காஹ் ஆனவர்களுக்கும் உண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அதன் தலைமை அலுவலகம் புதுக்கடையிலேயே. சட்டத்தில் ஓட்டையும் பெரிசு: திருமண உறவுக்குள் நடக்கும் வல்லுறவு, நீதிமன்றம் மூலம் பிரிந்திருந்தால் ஒழிய, இன்றைக்கும் இந்த நாட்டில் குற்றம் இல்லை. பெண்கள் கடைசியாகச் சொல்வது இதைத்தான், மூன்றாம் நாலாம் தடவை வரும்போது, கதவைப் பார்த்துவிட்டு.

பொலிஸுக்குப் போகவே விருப்பமில்லாத பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வழி இருக்கிறது. அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 'மிதுரு பியச' என்று பலகை பார்த்திருப்பீர்கள், தமிழில் நட்பு நிலையம். அங்கே போய்ப் பேசலாம். கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அதுதான் அதன் அருமை.

ஆட்கள் யாரைப் பிடிப்பது? இளைஞர் கழகம் தனியே செய்தால் "சின்னப் பொடியன்கள்" என்று தள்ளிவிடுவார்கள். உங்கள் மாடியில் மரண உதவிச் சங்கம் கட்டாயம் இருக்கும். அங்கே போங்கள். சிரிக்காதீர்கள், கொழும்பில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று எல்லா வீட்டு ஆட்களும் மாதம் ஒரு தரம் சேர்ந்து உட்காருகிற இடம் வேறு எது? கணக்குப் பார்த்து முடிந்த பிறகு பத்து நிமிஷம் கேளுங்கள். ஒரு சங்கத்தில் நான் போய்ப் பேசியபோது பொருளாளர், எழுபது வயது இருக்கும், கடைசியில் எழும்பி ஒன்று சொன்னார்: "செத்த பிறகு பந்தல் போட ஓடுறோம், சாக முன்ன ஓட ஏலாதா?" எனக்கு அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை. அந்தச் சங்கத்தில் ஒரு முடிவும் எடுத்தார்கள், அடி வாங்கிய பெண்ணிடம் "திரும்பிப் போ" என்று சங்கத்துக்காரர் யாரும் சொல்லக்கூடாது, போவதா இல்லையா என்பது அவருடைய முடிவு, வேண்டுமானால் கூட வரலாம். இவ்வளவுதான் தீர்மானம், ஆனால் அது எழுதின தீர்மானம்.

ஓட்டோ ஸ்டாண்டையும் விடாதீர்கள். ராத்திரி ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தால் முதலில் பார்ப்பது ஓட்டோக்காரர்தான். கூலி கேட்காமல் ஏற்றிப்போகிற இரண்டு பேர் இருந்தால் போதும், கூலியைக் கழகம் பிறகு கொடுக்கலாம். எங்கே இறக்கினேன் என்று கணவர் கேட்டால் சொல்லாமல் இருக்கவும் அவர்களைப் பழக்க வேண்டும். இதுதான் கஷ்டமான பாடம், ஏனென்றால் கணவரும் அதே ஸ்டாண்டில் தேத்தண்ணி குடிக்கிறவராக இருப்பார்.

ஆண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளை நாடா இயக்கம் கனடாவில் 1991 இல் ஆண்களே தொடங்கியது, அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் மொன்றியலில் ஒருவன் 14 பெண்களைச் சுட்டுக் கொன்றான், அதன் பிறகு வந்தது. நல்ல நோக்கம். ஆனால் நாடா குத்துவதும் சத்தியம் செய்வதும் மிகச் சுலபம். ஒரு வருஷம் எங்கள் ஊர்வலத்தில் முன் வரிசையில் பதாகையின் ஒரு முனையைப் பிடித்து நடந்தவருடைய மனைவி அடுத்த பெப்ரவரியில் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "அவர் அன்டைக்கு ஊர்வலத்துக்குச் சட்டை அயன் பண்ணச் சொன்னார், மடிப்பு சரியில்ல என்டு..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அதிலிருந்து நான் யாரையும் மேடையில் சத்தியம் செய்ய வைப்பதில்லை. நண்பன் ஒருவன் கூட்டாளிகள் முன்னால் "நேத்து நல்லாக் குடுத்தேன்" என்று பீற்றும்போது சிரிக்காமல் இருக்க இரண்டு பேர் பழகினால் அது நூறு சத்தியத்துக்குச் சமம்.

குடியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், கசிப்பு, ஐஸ், குடு என்று சாராயம் போதைப்பொருள் எல்லாவற்றையும் ஒழித்தால் இதுவும் ஒழியும் என்று. குடி அடியைக் கடுமையாக்கும், மறுக்கவில்லை. ஆந்திராவில் நெல்லூர்ப் பக்கம் கிராமத்துப் பெண்கள் 1992 இல் சாராயக் கடைகளை மூட வைத்த போராட்டம் பெரிசு, மாநிலமே 1993 இல் சாராயத்தைத் தடை செய்தது. 1995 இல் முழு மதுவிலக்கு வந்து 1997 இல் தளர்த்தப்பட்டது வேறு கதை. ஆனால் குடித்தவர் வீதியில் பொலிஸ்காரருக்கு அடிப்பதில்லை, முதலாளிக்கு அடிப்பதில்லை, தேடி வந்து மனைவிக்கு அடிக்கிறார் என்றால் அவருடைய வெறிக்கும் ஆள் பார்க்கத் தெரிகிறது. குடிக்காமல் அடிக்கிறவர்களையும், படித்து வெள்ளவத்தையில் சொந்த வீடு வைத்து ஏசிப் போட்டுக்கொண்டு அடிக்கிறவர்களையும் நான் வேண்டியமட்டும் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் சத்தம் வெளியே வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி உங்கள் 40,000 ரூபாய். வீங்கின முகத்துப் பெண்ணின் படம் போட்ட பதாகை வேண்டாம், அதைப் பார்த்து அடி வாங்குகிற பெண் "எனக்கு அந்தளவு இல்லையே" என்றுதான் நினைப்பார். பாதிக்கப்பட்ட யாரையும் மேடையில் ஏற்றிக் கதை சொல்ல வைக்காதீர்கள், அவர் இறங்கிப் போக வேண்டியது அதே மாடிக்கு. உதவி இலக்கங்களை ஒவ்வொரு கதவிலும் ஒட்டாதீர்கள், முதலில் வாசிப்பது அடிக்கிறவர்தான். மாடியில் ஜாக்கெட் தைக்கிற அக்கா இருப்பார், அவர் அளவு எழுதிக் கொடுக்கிற சீட்டின் பின்பக்கம் 1938 என்று மட்டும் அச்சடித்துக் கொடுங்கள், மகளிர் உதவி இலக்கம் அது. பொலிஸின் சிறுவர் பெண்கள் பணியகத்துக்கு 109, பிள்ளைகளுக்கு 1929, அதையும் சேர்த்து. ஆண்கள் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. அதற்கு ஐயாயிரம் போகாது.

இன்னொரு பத்தாயிரத்தை ஓட்டோக் கூலிக்கும் போன் ரீலோடுக்கும் ஒதுக்கி, நம்பிக்கையான ஒரு பெண்ணின் கையில் வையுங்கள், கணக்குக் கேட்கலாம், ஆனால் யாருக்குக் கொடுத்தது என்று கேட்கக்கூடாது. டீஷேர்ட் வேண்டாம். மிச்சத்தில் பத்துப் பைகள் வாங்குங்கள், சாதாரணப் பயணப் பை. ஒவ்வொரு பையும் வேறு வேறு வீட்டில் இருக்க வேண்டும், தேவைப்படுகிறவர் தன் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் இவற்றின் பிரதிகள், மருந்து, இரண்டு உடுப்பு, கொஞ்சம் காசு என்று அதில் வைத்துவிட்டுப் போகலாம்.

சீனி கேட்டுப் போகிற அக்காவின் அலுமாரிக்கு மேலே அப்படி ஒரு பை இரண்டு வருஷமாக இருந்தது. எதிர் வீட்டுப் பெண் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் அக்கா அந்தப் பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்து அளவைக் கேட்டு, பையில் இருந்த உடுப்பை எடுத்துவிட்டு ஒரு அளவு பெரிசாக வைப்பார். போன தடவை நான் போனபோது பை அங்கே இல்லை. கேட்டேன். "இந்த வருஷம் மூத்தவனுக்கு நீளக் காற்சட்டை வாங்கி வைச்சேன் மிஸ், அளவு சரியாத்தான் இருந்திருக்கும்" என்றார், அதோடு கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டார்.